ஐந்து பேர் பெயரில் ஓடிய காடி

அவர் காடியைப் பார்க்க மாட்டார். காடி நின்றுவிட்டுப் போன தரையைத்தான் பார்ப்பார்.

கல்யாண வீடு, சாவு வீடு எதுவானாலும் அப்படித்தான். வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் வெளியே நின்றுகொண்டு, நிறுத்தியிருக்கும் கார், வேன் என்று எல்லாக் காடிகளின் அடியிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை புக்கிட் பெலண்டோக்கில் ஒரு சாவு. இறந்தவரின் அண்ணன் தலைமாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். இவர் போய் அவர் தோளைத் தொட்டு, "உங்க காடியில இடது பக்கம் பிரேக் லைட்டு எரியலிங்க. வர்றப்ப பாத்தேன்" என்றார். அந்த மனிதர் அழுகையை நிறுத்தி, "சரிங்க, பாக்கிறேங்க" என்றார். பிறகு மறுபடி அழுதார்.

நம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிற பச்சைக் காடி அவருடையது. என் பெயரில் இருக்கிறது, ஆனால் அவருடையதுதான். பாப்பா, போன வாரம் கோலாலம்பூரிலிருந்து நீ போனில் சொன்னாய்: "அப்பா, அத பழங்காலக் காடின்னு பதிஞ்சிடலாம்ப்பா. ரோட்டேக்ஸ் கொறையும். சனி ஞாயிறு, லீவு நாள்னு ஓட்டிக்கலாம். பேர்கூட மாத்த வேணாம், உங்க பேர்லயே இருக்கட்டும். டெஸ்டு கிஸ்டுன்னு வருசா வருசம் யாரும் கூப்பிட மாட்டாங்க." ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டாய். உன் தம்பியும், "குடுத்துருங்கப்பா, சும்மாதானே நிக்குது" என்கிறான்.

பதில் சொல்ல இரண்டு தடவை போனை எடுத்தேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் நான், எழுத்து ஓடாது. ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதரைத் தெரியாமல் என் பதில் உங்கள் இருவருக்கும் புரியாது. அவர் பெயரை எழுதவில்லை. கெமாசில் அவர் மகள் இருக்கிறாள், அவளைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணன் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். முதலில் ரப்பர் பால் ஏற்றினார், ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட பிறகு குலை ஏற்றினார். லோரி, பஸ் மாதிரி வண்டிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த நாளுக்கென்றே அவரிடம் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு லோரியில் ஏறுவார். "என்னா அண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். "என்னைத்தான்டா பாக்கப் போறாங்க" என்பார்.

வேலை நின்ற பிறகு, தோட்டத்து ஆபீஸ் கிராணி சிரம்பானுக்குக் குடிபோகும்போது அவருடைய பழைய காடியை அண்ணன் வாங்கிக்கொண்டார். கைமாற்றுகிற வேலையெல்லாம் கிராணியே பார்த்து முடித்துவிட்டார். எனக்கு மூத்த காடி அது. முதுகு உருண்டையாக, கோழி அடைகாப்பது மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஆறு மாதம் போனது. அண்ணன் தவித்துப்போனார். வாசலில் நிற்பார், தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பார். பிறகு லுக்குட்டில் பட்டறை வைத்திருந்த சீனரிடம் போய், "எப்ப கூப்பிடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். சீனருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும்.

"யாரு கூப்பிடுவா?"

"டெஸ்டுக்கு."

"சொந்தக் காடிக்கு யாரும் கூப்பிட மாட்டான் லா. நீ போ, ஓட்டு, சந்தோசமா இரு."

"லோரி பத்து வருசம்கூட ஆகல, அதக் கூப்பிட்டாங்க. இது கெழடு. இதக் கூப்பிட மாட்டாங்களா?"

"கெழடு ஆச்சுன்னா இன்னும் நல்லது. பழங்காலக் காடின்னு எழுதிக்கோ. ரோட்டேக்ஸ் கொறைவு. ஆனா நெனச்ச நாள் ஓட்ட முடியாது, லீவு நாள்ல ஓட்டு."

அண்ணன் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "ஞாயித்துக்கெழம ஓடினா மட்டும் சடக்குல ஆளே இருக்க மாட்டானா? லீவு நாளுன்னு செவுரு வந்து ஒதுங்கிக்குமா?" அண்ணி சோறு போட்டுக்கொண்டே, "என்னைக் கேட்டா எனக்கு என்னா தெரியும், சாப்புடுங்க" என்றார்.

அவரால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தானாகவே சோதனை நிலையத்துக்குப் போனார். யாரும் கூப்பிடாவிட்டாலும், விருப்பப்பட்டால் பார்த்துச் சொல்வார்கள். பார்த்தார்கள். பின் சக்கரத்தில் ஒன்று பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று தாளில் எழுதிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அன்று சாயந்தரம் நம் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொன்னார். முகம் செத்துப்போயிருந்தது.

"பெயிலுன்னு எழுதிட்டான் தம்பி. அப்புறம் வீட்டுக்குப் போன்னு சாவியக் குடுத்துட்டான். ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்."

"அதனால என்னா அண்ணே, சரி பண்ணிக்கலாமே."

"பண்ணிக்கலாம். பண்ணாமலும் இருக்கலாம். வேணாம்னு சொல்ல முடியாத டெஸ்டு என்னா டெஸ்டு?"

அவருக்கு வேண்டியது அதுதான், தன்னை மறித்து நிறுத்துகிற ஒரு கை. தேடித் தேடி அதைக் கண்டுபிடித்தும்விட்டார். சொந்தக் காடியைக் கட்டாயமாகச் சோதிக்கிற ஒரே சமயம், அதை இன்னொருவர் பெயருக்கு மாற்றும்போது. அதில் பெயிலானால் பெயர் மாறாது. சரி செய்து, மறுபடி காட்டி, பாஸானால்தான் மாறும்.

பின் சக்கரத்துப் பிரேக்கைச் சரி செய்தார். பிறகு காடியை அண்ணி பெயருக்கு மாற்றினார். டெஸ்டு நடந்தது, பாஸ். அடுத்த ஆண்டு அண்ணி பெயரிலிருந்து முனீஸ்வரன் கோயில் பூசாரி பெயருக்கு. பூசாரியிடம் ஓட்டும் லைசென்சே கிடையாது. "சாமி காடியா இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே போய்க் கட்டைவிரலை வைத்துவிட்டு வந்தார். அதற்கும் அடுத்த ஆண்டு, முன்பு ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், விதவை, தனியாக இருந்தவர். பெயர் மாற்றும் இடத்தில் மிசினில் கட்டைவிரலை வைக்க வேண்டும். முப்பது வருடம் கத்தி பிடித்துத் தேய்ந்த விரல், மிசினுக்குத் தெரியவே இல்லை. அழுத்தி, துடைத்து, மறுபடி அழுத்தி, நாலாவது தடவைதான் ஏற்றுக்கொண்டது. அந்த வருடம் முழுக்க அக்காவின் ராஜ்ஜியம்தான். அண்ணன் காடியில் போவதைப் பார்த்தால் நடுச்சடக்கில் நின்று கையை நீட்டுவார்.

"எறங்குயா. என் காடிய யாரக் கேட்டு எடுத்த?"

"பசாருக்குப் போறேன் முதலாளியம்மா."

"சரி, எனக்கும் ரெண்டு கட்டு கீரை வாங்கிட்டு வா. பெட்ரோலு பாத்துப் போடு."

எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் இது தெரியும். பெயர்தான் ஊர் சுற்றும், காடி அண்ணன் வீட்டு வாசலில், அவர் விரித்த அட்டையின்மேல்தான் நிற்கும். கேலிக்கு அல்லாமல், காடி என் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் பேசியதில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதும் இல்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அப்படி ஒன்று நடக்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது பெயர் என் பெயர்.

அந்த ஆண்டு ஜனவரியில் பாஸாகி என் பெயருக்கு வந்தது. ஆகஸ்டில் உங்கள் அத்தைக்கு, என் தங்கைக்கு, கல்யாணம், லுக்குட் கோயிலில். மாப்பிள்ளை வீட்டார் சிரம்பான் டவுன்காரர்கள், பெரிய பெரிய காடி வைத்திருந்தார்கள். நாங்கள் தோட்டத்து ஆட்கள். அந்தப் பச்சைக் காடியில் பூக்கட்டி, ரிப்பன் கட்டிப் பெண்ணை அழைத்து வருவது என்று உங்கள் அத்தை ஆசைப்பட்டாள். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள், படம் பிடிப்பவரிடமும் சொல்லிவிட்டாள். அண்ணனும் சரி என்றுதான் இருந்தார்.

ஐந்து நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். காடியை நகர்த்தி நிறுத்திவிட்டு, அடியில் கிடந்த அட்டையைக் கையில் வைத்திருந்தார். பின் சக்கரம் நின்ற இடத்தில் ஒரு கறை, ஐம்பது காசு அளவு.

"பிரேக்கு எண்ணெ" என்றார்.

"ஒரு சொட்டுதானே அண்ணே."

"சொட்டு ஒண்ணுதான். எங்கேருந்து வருதுன்னு பாரு. சக்கரத்துக்குள்ள பிரேக்கு ரப்பரு கெட்டுப்போயிருக்கு. பட்டறையில கேட்டேன். சாமான் கோலாலம்பூருலேருந்து வர பத்து நாளாகும்ங்கிறான்."

"ஜனவரியிலதானே பாஸாச்சு?"

"அது ஜனவரி."

நான் கெஞ்சினேன். லுக்குட் என்ன தூரமா, மெதுவாகப் போகிறேன், சடக்கில் யாரும் நிறுத்தி ரப்பரைப் பார்க்க மாட்டார்கள் என்றேன். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற காடியில போங்க தம்பி. பொண்ணு எதுல போனாலும் பொண்ணுதான்" என்றார். எனக்கு மாப்பிள்ளை வீட்டாரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"காடி என் பேர்ல இருக்கு அண்ணே."

அண்ணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. அண்ணன் உள்ளே போனார். சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "ஆமா, உன் பேர்லதான் இருக்கு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. சோதனை நிலையத்தில் தாளைப் பார்த்துப் படிப்பார்களே, அப்படி இருந்தது.

கல்யாணத்தன்று காலையில் நான் எழுவதற்கு முன்பே வந்து பிரேக் எண்ணெயை நிரப்பி மூடிவிட்டுப் போயிருந்தார். அதை அண்ணி சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். உங்கள் அத்தை பின்னால் ஏறினாள். பாப்பா, நீயும் ஏறினாய். உனக்கு அப்போது ஆறு வயது. அத்தை மடியில்தான் உட்காருவேன் என்று அடம் பிடித்து, புடவை கசங்கும் என்று உன் அம்மா திட்டத் திட்ட ஏறி உட்கார்ந்தாய். உன் தம்பி கைக்குழந்தை, அம்மாவோடு வேனில் வந்தான்.

தோட்டத்துச் செம்மண் சடக்கு முடிந்து தார் ரோட்டில் திரும்புகிற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அண்ணன். அந்த வெள்ளைச் சட்டை. எங்களைப் பார்த்ததும் மோட்டாரை எடுத்து எங்களுக்கு முன்னால் ஓட்டத் தொடங்கினார். காடி மூக்குக்கும் அவருடைய பின் சக்கரத்துக்கும் இரண்டு ஆள் நீளம்தான் இருக்கும். அதற்கு மேல் விலகிப் போகவும் இல்லை, வேகம் கூட்டவும் இல்லை. சைக்கிளில் போகிறவன்கூட எங்களைத் தாண்டிவிடுவான்.

"என்னா அண்ணே இவரு, சாமி ஊர்வலம் மாதிரி போறாரு?" என்றாள் உங்கள் அத்தை. நீ கைகொட்டிச் சிரித்தாய். எனக்கு முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று பதற்றம். ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. மறுபடி அடித்தேன். இடது கையைப் பின்னால் நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று அசைத்தார். பின்னால் செம்பனை லோரி ஒன்று வந்து உறுமியது. மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டு நிற்பார்களே என்று நான் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்தேன். பிடிவாதம் பிடித்த கிழவர், என்னை அவமானப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

லுக்குட் வருவதற்கு முன்னால் ஓர் இறக்கம் இருக்கிறது. கீழே விளக்குச் சந்தி. சிவப்பு எரிந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சில் இறங்குவது மாதிரி இறங்கிக்கொண்டே போனது. அடியில் தட்டியது. காடி நிற்கவில்லை. விட்டு மறுபடி மிதித்தேன். கண் எதிரில் அந்த வெள்ளைச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் மோட்டார் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். இடது பக்கம் புல், தாராளமாக இடம் இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, மோட்டாரை நேராக என் காடிக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்.

மூன்றாவது மிதியில் பிடித்தது. ஊர்ந்து வந்த வேகம்தான், அதனால் நின்றது. அவர் பின் சக்கரத்துக்கும் காடிக்கும் ஒரு சாண் இருந்தது.

பின்னால் நீ அத்தையின் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். "என்னா அண்ணே?" என்றாள் அவள். "ஒண்ணுமில்ல, லைட்டு" என்றேன். பச்சை எரிந்தது. அவர் காலைத் தூக்கி மோட்டாரை மெதுவாக எடுத்தார். நான் அவர் பின்னாலேயே போனேன். அதற்குப் பிறகு நான் ஹாரன் அடிக்கவில்லை.

கோயில் வாசலில் நாதஸ்வரம், கூட்டம், படம். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நான் ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, பிரேக்கை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் இரண்டு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, "போ, தாலி கட்டப் போறாங்க" என்றார். சாயந்தரம் பட்டறைச் சீனரை வரவழைத்துக் காடியை இழுத்துப் போகச் செய்ததும் அவர்தான்.

இரண்டு நாள் கழித்து அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணன் கடைக்குப் போயிருந்தார்.

"காலையில சட்டையப் போட்டுக்கிட்டாரு" என்றார் அண்ணி. "எங்க போறீங்கன்னேன். முன்னால ஏதாச்சும் ஒண்ணு போனா அவன் மெதுவாத்தான் வருவான்னாரு. பிரேக்கு பிடிக்காம இடிச்சுட்டான்னா என்னா பண்ணுவீங்கன்னேன். இடிச்சா நின்னுரும்லன்னாரு."

நான் எத்தனை தடவை ஹாரன் அடித்தேன் என்று அண்ணியிடம் சொல்ல முடியவில்லை.

சாமான் வந்து, ரப்பர் மாற்றி, காடியை அண்ணனே ஓட்டிக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை, நம் கொட்டகையில் நிறுத்தினார். அடியில் புது அட்டை விரித்தார். "பேர் மாத்திடலாம் அண்ணே, நாளைக்கே டெஸ்டுக்குப் போவோம்" என்றேன். தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி. சொல்லியாச்சுல்ல. அப்புறம் அது உன்னுதுதான்."

அதற்குப் பிறகு அவர் வேறு காடி வாங்கவில்லை. தினம் காலையில் மட்டும் வருவார். என்னைக் கூப்பிட மாட்டார். கொட்டகைக்குப் போய் அட்டையை இழுத்துப் பார்ப்பார், மறுபடி தள்ளி வைப்பார், போய்விடுவார். பள்ளிக்கூட வேன் வந்தால் அதன் அடியிலும் பார்ப்பார். வேன்காரன் முதலில் சண்டைக்கு வந்தான், பிறகு அவனே டயரைக் காட்ட ஆரம்பித்தான். அண்ணி போன பிறகு அவரைக் கெமாசுக்கு மகள் அழைத்துக்கொண்டாள். அங்கேதான் முடிந்தது. நான் போயிருந்தேன். உள்ளே போவதற்கு முன்னால் என்னையறியாமல், வாசலில் நின்ற காடிகளின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

நீங்கள் கேட்டீர்களே, ஓட்டாத காடிக்கு எதற்கு வருடா வருடம் ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ் என்று. மாதத்தில் ஒருநாள் கோயில்வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருகிறேன். அதற்கு மேல் என் கால் அந்தப் பிரேக்கை நம்பவில்லை. காலையில் எழுந்ததும் அட்டையைப் பார்க்கிறேன். மழை நாளில் ஈரம் எது, எண்ணெய் எது என்று தெரியாமல் விரலால் தொட்டு முகர்ந்து பார்க்கிறேன். உன் அம்மா, "அவரு போயும் அவரு வேலைய விடல" என்கிறாள்.

பாப்பா, நீ விசாரித்துச் சொன்ன விதி சரியாகத்தான் இருக்கும். பழங்காலக் காடி என்று பதிந்துகொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை, செய்துகொள். ஆனால் என் பெயரில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். முதலில் உன் பெயருக்கு மாற்றுவோம், அதற்கு டெஸ்டு உண்டு. பெயிலானால் மாறாது, அதுதான் எனக்கு வேண்டும். பாஸானால் ஆறாவது பெயர் உன்னுடையது. அடுத்த வருடம் உன் தம்பி பெயருக்கு மாற்று. அதற்கடுத்த வருடம் அவன் உனக்கு மாற்றட்டும். நடுவில் என்ன சண்டை வந்தாலும், காடி என் பேரில் இருக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லக் கூடாது.

பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் ரப்பர் போடச் சொல்லிவிட்டேன். சீனர் இப்போது இல்லை, அவருடைய மகன் பார்க்கிறான். சோதனைக்கு வருகிற செவ்வாய்க்கிழமை காலை பதிந்திருக்கிறேன், லீவு போட்டுவிட்டு வா. நீதான் ஓட்ட வேண்டும். நான் மோட்டாரில் முன்னால் போவேன். மெதுவாகத்தான் போவேன்.

ஹாரன் அடிக்காதே.